மனைமட்டமும் வெள்ளமட்டமும்: அடையாற்றங்கரைத் திட்ட அனுமதியில் விடுபட்ட கணக்கு

சென்னையில் ஆற்றை ஒட்டிய நிலத்தில் வீடு, அலுவலகம், கடைவளாகம் மூன்றையும் சேர்த்து எழுப்ப முனையும் நிறுவனம் பல மேசைகளைக் கடந்தாக வேண்டும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் திட்ட அனுமதிக்குத் தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல் துறை எனப் பலரின் ஒப்புதல் தேவை. இவற்றுள் ஆற்றுவெள்ளத்தை நேராக எதிர்கொள்ளும் ஆவணம், நீர்வளத் துறை வழங்கும் தடையின்மைச் சான்று. அந்தச் சான்று மனையைக் காக்கிறதே ஒழிய ஆற்றைக் காக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சான்றில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகளைப் பாருங்கள். மனைக்கருகே ஆற்றின் உச்ச வெள்ளமட்டம் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்; ஆகவே மனையை அதற்கு மேல் இவ்வளவு உயரத்துக்கு மண் கொட்டி, இறுக்கி, மட்டம் உயர்த்த வேண்டும்; உள்வடிகால் அமைத்து மழைநீரை வெளியேற்ற வேண்டும். வீடு வாங்குபவருக்கு இதைவிட ஆறுதலான வரி வேறில்லை. ஆனால் அதே வரிதான், அந்த நிலத்தில் இதுகாறும் தேங்கி நின்ற வெள்ளம் இனி அங்கே நிற்காது என்றும் உறுதி செய்கிறது. அந்த நீர் எங்கே போகும் என்ற கேள்விக்குச் சான்றில் இடமே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 ஏக்கர் என்பது ஏறத்தாழ 40,500 சதுர மீட்டர். அதை 2 மீட்டர் உயர்த்தினால் 81,000 கன மீட்டர் நீர் தங்கும் இடம் அடைபடும். 2015 டிசம்பர் தொடக்கத்தில், சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தின்போது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றுக்குத் திறந்துவிடப்பட்டது நொடிக்கு 29,000 கன அடி, அதாவது சுமார் 820 கன மீட்டர். அந்த வேகத்தில் 81,000 கன மீட்டர் என்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த ஓட்டம். எனவே, ‘இந்த ஒரு திட்டத்தால் வெள்ளம் அதிகரிக்காது’ என்று அறிக்கை எழுதும் பொறியாளர் பொய் சொல்லவில்லை. சிக்கலின் வேரே இதுதான். ஆற்றங்கரையில் மணப்பாக்கத்தில் ஒன்று, நந்தம்பாக்கத்தில் ஒன்று என ஒவ்வொரு மனையும் தனித்தனியே தேர்ச்சி பெறும். எல்லாம் சேர்ந்து ஆற்றின் வெள்ளப் படுகையை விழுங்கிவிடும். கூட்டிப் பார்க்கும் பொறுப்பு எந்த மேசைக்கும் இல்லை. கொள்ளளவு மட்டுமல்ல, இரு கரையிலும் மேடு எழும்போது வெள்ளம் ஓடும் அகலமும் சுருங்குகிறது. அந்தச் சேதம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

விதிகளும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் வரும் கட்டுமானங்களுக்கு நிபந்தனை விதிக்கலாம் என்கிறது கட்டட விதி. அடையாற்றின் வெள்ளமோ 2015இல் கரையைத் தாண்டித் தெருத்தெருவாக உள்ளே போனது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு அளித்தது. விளைவாக, எதிர்க்கரையில் குடியிருப்பவருக்கு, தம் வீட்டுக்கு நீர் ஏறக்கூடும் என்று முறைப்படி சொல்ல ஒரு நாள்கூட ஒதுக்கப்படுவதில்லை.

இப்படிக் கேட்கப்படாமல் போகும் கரைவாசிகள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். 2015க்குப் பிறகு சைதாப்பேட்டை முதல் கோட்டூர்புரம் வரை ஆற்றோரக் குடிசைகள் அகற்றப்பட்டு, குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டன. ஆற்றின் போக்குக்குத் தடை, உயிருக்கு ஆபத்து என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். அதே அளவுகோலை மண் கொட்டி உயர்த்திய வளாகங்களுக்கு வைத்துப் பார்த்ததுண்டா? தகரக் கூரை வெள்ளத்தோடு போய்விடும். உயர்த்திய மனை ஒவ்வொரு மழையிலும் வெள்ளத்தை அக்கம்பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி அழைத்துச் சென்றவர்களை இன்னொரு வெள்ளத்தில் குடியேற்றியது மன்னிக்க முடியாத நிர்வாகச் செயல்.

2015இன் பேரிடருக்கு ஏரித் திறப்பே காரணம், கட்டடங்களைக் குறை சொல்வதேன் என்ற எதிர்வாதம் உண்டு. தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையும் அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே கண்டது. ஏரி நிர்வாகத்தின் பங்கை மறுக்க இயலாது. ஆயினும் அந்த நவம்பர் மத்தியிலேயே முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிவிட்டன. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேரும் திருநீர்மலைக்கு மேலே, ஆதனூர்ப் பக்கமிருந்து வரும் கிளையில் உள்ள ஊர்கள் அவை. அந்த ஏரியின் நீரே வராத இடத்தில் அதன் மதகைக் குற்றம் சொல்ல வழியில்லை.

வீட்டுத் தேவை உண்மையானது. ஆற்றங்கரையில் எதுவும் கட்டக் கூடாது என்பது என் நிலைப்பாடு அல்ல. இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றம் வெள்ள அபாய நிலத்துக்கான விண்ணப்பத்தைப் பார்க்கும்போது, அபாயம் குறைந்த வேறிடம் கிடைக்குமா என்று முதலில் கேட்கிறது. படுகையில் மண் கொட்டினால், இழந்த கொள்ளளவை அதே மட்டத்தில் வேறோர் இடத்தில் தோண்டி ஈடுசெய்யச் சொல்லும் நடைமுறையும் அங்கே உண்டு. அயலார் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். இவற்றுள் எதுவும் நமக்கு எட்டாத தொழில்நுட்பம் அல்ல.

2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தைச் சி.எம்.டி.ஏ. தயாரித்து வருகிறது. அடையாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் வெள்ளம் தங்க எஞ்சியுள்ள கொள்ளளவு எவ்வளவு என்ற பதிவேட்டை அது வெளியிட வேண்டும். புதிதாக மனை உயர்த்தக் கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பமும் அந்தப் பதிவேட்டில் பற்று எழுதப்பட வேண்டும். ஈடு காட்டாத விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட வேண்டும். ஆற்றின் இரு கரை மக்களையும் கேட்காமல் எந்தப் பெருவளாகத்துக்கும் அனுமதி தரலாகாது என்பதையும் விதியாகவே எழுத வேண்டும். திட்டம் இறுதியாகும் முன் நகரமைப்பு அறிஞர்களும் நீரியல் பொறியாளர்களும் இதை எழுத்தில் கோர வேண்டும்.