பிரே பெந்தோஸ்

தென்னமெரிக்காவில், உருகுவே ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள துறைமுக நகரம். உருகுவே நாட்டின் ரியோ நெக்ரோ மாகாணத் தலைநகர். 1859இல் வில்லா இந்தெபெந்தென்சியா என்ற பெயருடன் தோன்றியது. இன்றைய பெயர், இப்பகுதியில் தனித்து வாழ்ந்த துறவி ஒருவரைக் குறிக்கும் என்பர். அவரைப் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும் செவிவழிக் கதைகளே.

அக்காலத்தில் இங்கே மாடுகள் முதன்மையாகத் தோலுக்கும் கொழுப்புக்குமே அறுக்கப்பட்டன. இறைச்சியில் ஒரு பங்கு உப்புக்கண்டமாகிக் கியூபா, பிரேசில் அடிமைகளுக்கு உணவாகப் போயிற்று; மிச்சம் பெரும்பாலும் வீண். ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் 1847இல் வெளியிட்ட இறைச்சிச் சாற்று முறை ஐரோப்பிய மாட்டு விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. மாடு மலிந்த இந்த ஆற்றங்கரையில் அதைச் செய்யலாம் என்று அவரை அணுகியவர் கியோர்க் கிறிஸ்டியன் கீபெர்ட் என்ற பொறியாளர். 1860களின் தொடக்கத்தில் ஆலை எழுந்தது. 1865இல் லீபிக் நிறுவனம் லண்டனில் அமைந்தது.

கொழுப்பு நீக்கிக் கொத்திய இறைச்சியை வேகவைத்து, வடித்த சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் லேகியப் பதத்தில் கரும்பழுப்பு விழுது திரளும். ஒரு கிலோ விழுதுக்கு ஏறத்தாழ 30 கிலோ இறைச்சி பிடித்தது. வெந்நீரில் சிறிது கரைத்தால் சூப். இறைச்சியின் சத்தெல்லாம் இதில் அடக்கம் என்ற கூற்று லீபிக் காலத்திலேயே கேள்விக்குள்ளாயிற்று. பின்னாளில் இது சுவையூட்டியாகவே விற்றது. 1873இல் டப்பாவில் அடைத்த உப்பு மாட்டிறைச்சி, அதாவது கார்ன்டு பீஃப், தயாராகத் தொடங்கியது. தோல், எலும்பு, கொம்பு எதுவும் தப்பவில்லை. மாட்டின் 'ம்மா' மட்டுமே வீணாயிற்று என்று ஊரார் சொல்வார்களாம். உருகுவேயின் முதல் மின்விளக்கு 1883இல் இவ்வாலையில் எரிந்தது என்பதும் ஊர்ப் பெருமைகளில் ஒன்று.

முதல் உலகப்போரில் இந்த டப்பாக்கள் பிரிட்டிஷ் பதுங்குகுழிகளை எட்டின. 1917 ஆகஸ்டில் பெல்ஜியச் சேற்றில் சிக்கிய பீரங்கி வண்டி ஒன்றுக்கு அதன் வீரர்கள் வைத்திருந்த பெயர் 'பிரே பெந்தோஸ்'. டப்பாவுக்குள் இறைச்சிபோல, இரண்டு நாளுக்கும் மேலாக அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தனர்.

1924இல் ஆலை வெஸ்டி குழுமத்துக்குக் கைமாறி 'ஆங்லோ' ஆயிற்று. 1971இல் அரசிடம் வந்தது, 1979இல் மூடப்பட்டது. கட்டடங்கள் இன்று அருங்காட்சியகம். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

2007 முதல் நகருக்கருகே காகிதக்கூழ் ஆலை இயங்குகிறது. ஆற்று மாசு குறித்து அர்ஜென்டினா தொடுத்த வழக்கில் 2010இல் பன்னாட்டு நீதிமன்றம், முன்னறிவிப்பு நடைமுறையை உருகுவே மீறியதாகவும், மாசுக் குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை என்றும் தீர்ப்பளித்தது.