வேரும் சங்கிலியும்

மருத்துவ வரலாறு என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் இப்னு சீனாவில் தொடங்குவார்கள். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மாரிஸ்தானில் மனநோயாளருக்கென்று தனிப் பகுதி இருந்தது என்பார்கள். அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் மாரிஸ்தானைச் சொல்லி ஒரு பெருமூச்சோடு முடிப்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு வயது அறுநூறுக்கு மேல். நம் பாட்டன்மார் உயிரோடிருந்த காலத்தில், நமக்குப் பக்கத்து நாட்டில் நடந்த ஒன்றை மீலாத் மேடைகளிலும் நான் கேட்டதில்லை, மலர்களிலும் படித்ததில்லை. அது ஒரு வேரின் கதை.

சர்ப்பகந்தி என்று பெயர். சிங்களவர் ஏகவேரிய என்பார்கள். வட இந்தியாவில், பீகார்ப் பக்கம், இதைப் 'பாகல் கி தவா', அதாவது பைத்தியத்துக்கு மருந்து, என்றே அழைத்தார்கள். டில்லியில் அப்போது யூனானி வைத்தியத்தின் தலைமகனாக இருந்தவர் ஹக்கீம் அஜ்மல் கான். தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்த்த குடும்பம். பாட்டன் சொன்ன மருந்தைச் சோதிக்க நீ யார் என்று அவர் கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிக் கேட்கவில்லை. ஜெர்மனியில் வேதியியல் படித்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற இளைஞரிடம், திப்பிய்யாக் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைக்கும் பொறுப்பைக் கொடுத்தார். முடிவைப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. 1927 கடைசியில் மவுத்தாகிவிட்டார். 1931இல் சித்தீக்கி அந்த வேரிலிருந்து பல சத்துக்களைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்கு 'அஜ்மலின்' என்று தன்னை ஆதரித்தவரின் பெயரையே வைத்தார். இதயத் துடிப்பின் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஒரு பரிசோதனைக்கு அதை இன்றும் கையாளுகிறார்கள்.

அதே 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், இந்த வேர் புத்திபேதலிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வேலை செய்கிறது என்று எழுதினார்கள். மேற்கில் அப்போது அதைப் பெரிதாகக் கவனித்தார் இல்லை. சுவிட்சர்லாந்தின் சீபா கம்பனிக்காரர்கள் 1952இல் ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1954இல் நியூயோர்க்கில் நேதன் கிளைன் என்ற வைத்தியர் அதை மனநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்து அறிக்கை வெளியிட்டார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனித்தான் வருகிறது. இரத்த அழுத்தத்துக்கு ரெசர்பின் குடித்தவர்களில் சிலர் காரணமில்லாமல் சோர்ந்து, அழுது, படுத்த படுக்கையானார்கள். ஒரு குளிசை மனசையே மாற்றுகிறதென்றால் மனநோய்க்கும் மூளை இரசாயனங்களுக்கும் தொடர்பிருக்க வேண்டுமே? சுவீடனின் அர்விட் கார்ல்சன் 1957இல் ரெசர்பின் ஏற்றிய முயல்களை வைத்து டோபமினைத் தேடிப் போனார். அந்த வழியில் செய்த ஆய்வுகளுக்கு 2000இல் நோபல் பரிசு பெற்றார். இன்று மனநோய்க்கு ரெசர்பின் கொடுப்பதில்லை; அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஓர் இரசாயனம் குறைந்தால் ஒரு நோய் என்ற எளிய கணக்கும் போய்விட்டது. மனச்சிதைவு நோயைப் பற்றி 2022இல் வெளியான பெரிய மரபணு ஆய்வொன்று, சம்பந்தப்பட்ட இடங்கள் 287 என்று எண்ணிக் காட்டியது. பிறப்பில் வந்த சிக்கல், சிறுவயதில் பட்ட அடி, கஞ்சா எல்லாம் அதன்மேல் சேரும். ஒரே காரணம் என்று ஒன்றைக் காட்ட இப்போது எவரும் துணிவதில்லை.

வேர் இப்படி உலகம் சுற்றி வந்தது. நம் கையில் மிஞ்சியது சங்கிலி.

2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களின் கால்களில் சங்கிலி. 28 பேர் இறந்தார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மனநோயாளரைச் சங்கிலியில் கட்டுவதை 2017இன் சட்டம் அடியோடு தடுத்தது. அந்தச் செய்திக்குப் பிறகு நம்மில் ஒரு சாரார், தர்காவே கூடாது என்பதற்கு இதுதான் சாட்சி என்றார்கள். மறு சாரார், அது தர்கா நடத்திய இடமல்ல என்றார்கள். சண்டை நன்றாக நடந்தது. செத்தவர்களை ஏன் அங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று கேட்டவர் குறைவு.

கேட்டிருந்தால் பதில் எங்கள் பூண்டுலோயாவிலேயே கிடைத்திருக்கும். என் வகுப்பில் ஒரு பையன், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு உறங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த தாயைப் பற்றி, "சேர், உம்மாக்கு ஜின் பிடிச்சிருக்காம்" என்றான். வீட்டுக்குப் போனேன். தண்ணி ஓதிக் கொடுத்திருந்தார்கள், நூல் கட்டியிருந்தார்கள். டொக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். அவனுடைய மூத்தம்மா சொன்னா: "அங்கொடைக்குக் கொண்டுபோனா நாளைக்கு இந்தப் புள்ளைகளுக்கு மாப்புள வருமா?" தோட்டத்து லயங்களில் இதே கதை கோடாங்கியோடு நடக்கும். 1920களில் திறந்த அங்கொடை ஆஸ்பத்திரி இன்று தேசிய மனநல நிறுவகம். ஆனால் எங்கள் வாயில் அது இன்னும் ஒரு வசைச்சொல். சட்டமோ அதைவிடப் பழசு. 1873இன் கட்டளைச் சட்டத்தைத்தான் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறார்கள்.

மூத்தம்மாவை நான் பழிக்கமாட்டேன். ஓதிப் பார்ப்பதில் ஒன்றுமே இல்லை என்றும் ஆய்வுகள் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளரை பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து 2002இல் எழுதினார்கள். மருந்தில்லாமலே அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே அடியில்லை, பயமுறுத்தல் இல்லை, வீட்டார் ஒருவர் கூடவே இருந்தார். அந்தக் குறைவுக்கு இவைதான் காரணம் என்பது என் எண்ணம். கானாவில் ஒரு ஜெப முகாமில், 139 பேரில் ஒரு பகுதியினருக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. மருந்து குடித்தவர்களுக்கு நோய் குறைந்தது. ஆனால் அவர்கள் சங்கிலியில் கிடந்த நாட்கள் குறையவில்லை. இதை வாசித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நோய்க்கு மாத்திரை உண்டு. சங்கிலியை மனுசன்தான் அவிழ்க்க வேண்டும்.

அதற்கும் வழி பார்த்திருக்கிறார்கள். நைஜீரியாவிலும் கானாவிலும் ஓதிப் பார்ப்பவர்களையும் சுகாதார ஊழியர்களையும் சேர்ந்து வேலை செய்ய வைத்தார்கள். 307 நோயாளரை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2020இல் லான்செட் இதழில் வந்தது. சேர்ந்து பார்த்த இடங்களில் ஆறு மாதத்தில் நோய் கூடுதலாகக் குறைந்திருந்தது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008லேயே 'தவா-துஆ' என்று இதைத் தொடங்கிவிட்டார்கள். தர்கா முஜாவர்களே நோயாளியைத் துஆவுக்குப் பிறகு பக்கத்து அறையில் இருக்கும் டொக்டரிடம் அனுப்புகிறார்கள். பிறகு ஏர்வாடியிலும் அரசு இதே ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அஜ்மல் கான் இருந்திருந்தால் இதில் என்ன புதுமை என்று கேட்டிருப்பார்.

எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இதையெல்லாம் சொல்லி, நுவரெலியா ஆஸ்பத்திரிக் கிளினிக் நாளை அறிவிப்புப் பலகையில் போடச் சொன்னேன். ஹஸ்ரத் உடனே சம்மதித்தார். தண்ணி ஓதக் கேட்டு வருகிறவர்களிடம் தாமே எடுத்துச் சொல்வதாகவும் ஒத்துக்கொண்டார். பலகையில் 'மனநலக் கிளினிக்' என்று எழுதுவதா, 'நரம்புக் கிளினிக்' என்று எழுதுவதா என்பதில்தான் போன ஜும்ஆவிலிருந்து பேச்சு நடக்கிறது.