இலங்கையில் திறந்த பொருளாதாரம்: உழவரும் தொழிலாளரும் நுகர்வோரும்

ஒரு நாட்டின் சந்தையைப் பிறநாட்டுப் பண்டங்களுக்குத் திறந்துவிடுதல் நன்றோ தீதோ என்பது பொருளியலறிஞர் பலகாலும் எழுப்பும் வினா. வரலாற்று நோக்கில் அவ்வினா சற்று வேறுபடும். சந்தை திறந்தபோது பயன்பெற்றோர் யாவர், இழந்தோர் யாவர், அது மூடியிருந்த காலத்தில் அவர்தம் நிலை யாது என்பனவே நாம் காணவேண்டியவை. இதற்கு 1977ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த மாற்றம் தக்கதொரு சான்றாகும்.

1970 முதல் 1977 வரை ஆட்சி புரிந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையாலும் உள்நாட்டு உற்பத்தியை வளர்க்கும் நோக்காலும் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியன வெளிநாட்டிலிருந்து வருவது தடைபட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர்க்கு அது நற்காலமாயிற்று. ஆறில்லாத அந்நிலத்தில் கிணற்று நீரை இறைத்துச் செம்மண்ணில் பயிரிட்டோர், தம் விளைபொருளுக்கு நல்ல விலை பெற்றனர். படித்த இளைஞரும் வன்னி நிலத்தில் மிளகாய் பயிரிட முன்வந்தனர்.

ஆயின், அதே காலத்தில் நுகர்வோர் பட்ட துன்பத்தையும் மறத்தல் இயலாது. பாணுக்கும் அரிசிக்கும் துணிக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். உலக உணவு விலையேற்றமும் உள்நாட்டுத் தட்டுப்பாடும் சேர்ந்து வருத்த, 1974இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இறப்பு வீதம் பெரிதும் உயர்ந்தது. ஒரே மொழி பேசும் மக்களுள் ஒரு சாரார் நல்விலை பெற்ற காலத்தில் மற்றொரு சாரார் பசியால் மடிந்தனர். ஆதலின் மூடிய சந்தை அனைவரையும் காத்தது எனல் பொருந்தாது.

1977 சூலையில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியேற்றது. அவ்வாண்டு நவம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல் அளித்த வரவு செலவுத் திட்டம் பெரும்பாலான இறக்குமதிக் கட்டுப்பாடுகளை நீக்கியது. நாணய மாற்று வீதம் ஒருமைப்படுத்தப்பட்டு, ஒரு டாலர் ஏறத்தாழ 16 ரூபாயாயிற்று. கடைகளில் பண்டங்கள் நிறைந்தன, வரிசைகள் மறைந்தன. இது நுகர்வோர் கண்கூடாகக் கண்ட நன்மை.

இழப்போ ஆங்காங்கே சிதறி நிகழ்ந்தமையால் எளிதிற் புலப்படவில்லை. வெளிநாட்டுத் துணி வந்து குவியவே, பெண்கள் பெருவாரியாக உழைத்த கைத்தறி நிலையங்கள் பல நலிந்தன. இறக்குமதியான மிளகாயும் வெங்காயமும் குடாநாட்டுக் கமக்காரரின் விலையை வீழ்த்தின. பழைய விலையை நம்பி முதலிட்டோர்க்குத் தொழிலை மாற்றிக்கொள்ளும் அவகாசம் வாய்க்கவில்லை. 1983க்குப் பின் வந்த போரின் அழிவு வேறு. அதனை இச்சரிவோடு குழப்புதல் ஆகாது.

புதிய தொழில்களும் எழுந்தன. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. சிற்றூர்களினின்று வந்த இளம்பெண்கள் அங்கு ஆடை தைத்தனர். 1986இல் ஆடை ஏற்றுமதி வருவாய் தேயிலையையும் விஞ்சியது. கைத்தறியில் வேலையிழந்தவளும் வலயத்தில் வேலை பெற்றவளும் பெரும்பாலும் ஒருத்தியல்லள் என்பதை ஈண்டு நாம் கருதுதல் வேண்டும். 1980 சூலையில் ஊதிய உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தோருள் ஏறத்தாழ 40,000 பேர் பணி நீக்கப்பட்டனர். தொழிற்சங்கங்கள் அவ்வடியினின்று நெடுங்காலம் மீளவில்லை.

நுகர்வோரும் ஒருதன்மையர் அல்லர். உலகப்போர்க் காலத்தில் தோன்றிய பங்கீட்டரிசி முறை 1979இல் நீக்கப்பட்டு, வறியோர்க்கு உணவு முத்திரை வழங்கப்பட்டது. முத்திரையின் மதிப்பு ரூபாயில் நிலையாயிருக்க, விலைவாசி ஏறிக்கொண்டே சென்றது. சில ஆண்டுகளில் அதன் வாங்கும் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்தது. கடையில் அரிசி இருந்தது. அதனை முன்போற் பெற வறியோர்க்கு வழியில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்குங்கால், சந்தையைத் திறந்ததைக் குற்றமெனக் கூறிவிடுதல் இயலாது. மூடிய காலத்தின் பசியே அதற்குச் சான்று. திறந்த விரைவும், இழப்போர்க்கு ஈடு செய்யாமையுமே குறையாகும். கமக்காரர்க்குச் சில ஆண்டு அவகாசமும், விலைவாசிக்கேற்ப உயரும் முத்திரையும் அளித்திருப்பின், அந்நன்மையை இத்துணைப் பேர் தம் வாழ்வால் விலைகொடுத்துப் பெறநேர்ந்திராது என்பதே நம் துணிபு.