வேர் ஒன்று, வகை பல: கல்கத்தாவின் கிட்டார் வரலாறு குறித்து

கிட்டார் இந்தியாவுக்கு வந்தபோதே கார்ட் முறையும் உடன் வந்துவிட்டது என்று எளிதாக எழுதிவிடுகிறோம். கல்கத்தாவின் வரலாறு இக்கருத்துக்கு இடம் தரவில்லை. வங்காளி இல்லங்களில் கருவி முதலில் வேரூன்றியது. கார்ட் வகைகள் பிற்பாடு வேறு வழியில் வந்து சேர்ந்தன.

கார்ட் வகை என்பது யாது? வேர்ச்சுரத்தைச் சட்ஜமாகக் கொள்வோம். அதனுடன் அந்தர காந்தாரமும் பஞ்சமமும் சேர்ந்தொலித்தால் மேஜர். காந்தாரத்தை மட்டும் சாதாரண காந்தாரமாக்கினால் மைனர். மைனரின் பஞ்சமம் பிரதி மத்யமமாகத் தாழ்ந்தால் டிமினிஷ்ட். மேஜரின் பஞ்சமம் சுத்த தைவதமாக உயர்ந்தால் ஆக்மென்டட். மேஜருடன் கைசிகி நிஷாதம் கூடினால் செவன்த். வேர் அசைவதில்லை, அதன்மேல் அமையும் இடைவெளிகளே வகையைத் தீர்மானிக்கின்றன. தந்திகளை விரல்களால் தனித்தனியே அழுத்தும் ஸ்பானிஷ் கிட்டாரில் இம்மாற்றம் இயல்பாக நிகழும்.

ஆனால் அவ்வில்லங்களில் முதலில் செல்வாக்குப் பெற்றது ஹவாயன் கிட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டாவ் மோ குடும்பத்தினர் அந்நகரில் தங்கி வாசித்தது இதற்கு வலுச் சேர்த்தது. இக்கருவியின் தந்திகள் பெரும்பாலும் ஒரே மேஜர் கார்டுக்குச் சுருதி கூட்டப்படும். எஃகுத் தண்டு நகரும்போது எல்லாச் சுரங்களும் ஒரே அளவில் நகர்கின்றன. ஆகவே இங்கே வேர் மாறும், வகை மாறாது. தண்டைச் சாய்த்தும் சில தந்திகளைத் தவிர்த்தும் வேறு வகைகளை எட்டலாம். எனினும் அக்கருவியின் தனிச்சிறப்பு அதுவன்று.

அதன் சிறப்பு சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் ‘மீண்ட்’. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தபோது கூறப்பட்ட முக்கியக் குறை, அதில் இவ்வழுக்கல் இயலாது என்பதே. ஹவாயன் கிட்டாருக்கு அக்குறை பொருந்தாது. காஜி அனிருத்தர், பட்டுக் நந்தி, சுனில் கங்குலி முதலியோர் அதைப் பாடலின் குரலாகவே கையாண்டனர். கல்கத்தாவில் அக்கருவியால் ஈர்க்கப்பட்ட பிரிஜ் பூஷண் காப்ரா, அலி அக்பர் கானிடம் பயின்று, அதை ராக இசைக்குரிய கருவியாக உயர்த்தினார்.

கார்ட் வகைகள் வேறு தடத்தில் வந்தன. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் தந்தையின் மேற்கத்திய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த சலில் சௌத்ரி, இந்திய மக்கள் நாடக மன்றத்தின் சேர்ந்திசை வழியாக அவற்றை வங்காளிப் பாடலுக்குள் கொணர்ந்தார். அவர் சென்னையில் இசையமைத்தபோது கிட்டார் வாசித்தவர்களுள் இளையராஜாவும் ஒருவர் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. 1975இல் கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் தொடங்கிய ‘மொஹீனேர் கோராகுலி’ குழுவில் ஸ்பானிஷ் கிட்டாரும் வங்காளிச் சொல்லும் ஒன்றுகூடின.

ஆகவே, ஒரு கருவியின் வருகையை ஓர் இசைமுறையின் வருகையாகக் கொள்வது பிழை. கடைப் பட்டியலும் விளம்பரமும் கருவி வந்த காலத்தைச் சொல்லும். அதன் சுருதி எவ்வாறு கூட்டப்பட்டது, எந்தக் கை எவ்வாறு வாசித்தது என்பவற்றை ஆராய்ந்தால்தான், கேட்போர் காதில் என்ன மாறியது என்பது விளங்கும். தமிழகத்து வயலின், ஆர்மோனிய வரலாறுகளையும் இக்கேள்வியோடு மீண்டும் வாசிக்க வேண்டியுள்ளது.