ஜெய்ப்பூர் கால் பிறந்த கதை

1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான் சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியை ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு ஊருக்குப் போனவர்கள் பலர், அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலையே எடுத்துக்கொண்டார்கள். குறை அவர்களிடம் இல்லை. மேலைநாட்டு மாதிரியில் செய்த அந்தப் பாதத்தின் கணுக்கால் அசையாது. மேலே ஷூ போட்டே ஆக வேண்டும். ராஜஸ்தான் விவசாயியோ குந்தி உட்கார்கிறவர், சம்மணமிட்டுச் சாப்பிடுகிறவர், ஈர வயலில் வெறுங்காலோடு இறங்குகிறவர், செருப்பை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் நுழைகிறவர். நாற்காலி வாழ்க்கைக்குச் செய்த காலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அதே மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுத்தந்தவர் ராம் சந்திர சர்மா. எல்லோருக்கும் 'மாஸ்டர்ஜி'. சிற்பக் கை, பள்ளிப்படிப்பு நான்காம் வகுப்போடு சரி. சைக்கிள் டயருக்கு ஒட்டுப் போடுவதைப் பார்த்தபோதுதான் அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். பாதத்தின் அச்சை எடுத்துக்கொண்டு டயர் கடைக்கே போய் ரப்பரில் வார்க்கச் சொன்னார். முழு ரப்பர் பாதம் கனத்தது, வளையவும் இல்லை. பிறகு குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் ஸ்பாஞ்ச் ரப்பர், கணுக்காலுக்கு மரம், சுற்றிலும் டயர் நூல், மேலே தோல் நிற ரப்பர் என்று அடுக்கி, அச்சில் இட்டுச் சூடாக்கினார்கள். எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும், தண்ணீருக்கு அஞ்சாத பாதம் 1968இல் உருவானது. அதற்கு மேலுள்ள காலைக் கைவினைஞர்கள் அலுமினியத் தகட்டைத் தட்டியே செய்தார்கள்.

ஆனாலும் அது மருத்துவமனைச் சுவரைத் தாண்டப் பல ஆண்டுகள் ஆயின. சாலை விபத்தில் காலை இழக்கும் நிலைக்குப் போய் மீண்ட ஐ.ஏ.எஸ். அதிகாரி டி.ஆர். மேத்தா, 1975இல் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியைத் தொடங்கி இலவசமாகவே பொருத்த ஏற்பாடு செய்தார். காப்புரிமை வாங்காததால் யாராலும் செய்துகொள்ள முடிந்தது. கண்ணிவெடி தின்ற ஆப்கானிஸ்தானுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அது போனது. 1981இல் தமிழ்நாட்டில் நடந்த பேருந்து விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், இந்தக் காலோடுதான் மறுபடி பரதம் ஆடினார்.

சேத்திக்கு 1981இல் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் வந்தன, தகுதியானவர்தான். ஆனால் காலுக்கு உருக்கொடுத்த கைக்கு அந்த மேடை கிடைக்கவில்லை. இந்தக் கதையை யாருக்காவது சொல்லும்போது, மாஸ்டர்ஜியின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.