செந்நகர்வும் நீலகிரிச் சரிவும்

தெமட்டகொடைப் புகையிரதக் கொட்டகைக்கு அண்மையில் வகுப்பு நடத்துவோர்க்குப் பௌதிகப் பாடமொன்று நாள்தோறும் இலவசமாய்க் கிடைக்கிறது. நெருங்கி வரும் எஞ்சினின் ஊதல் கூர்ந்து ஒலிக்கும். கடந்து சென்றதும் அதன் சுருதி தாழும். 1845இல் ஒல்லாந்து அறிஞர் பைஸ் பாலட், புகைவண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி இதனையே சோதித்தார். ஒளிக்கும் இவ்வியல்பு உண்டு: விலகிச் செல்லும் பொருளின் நிறமாலைக் கோடுகள் சிவப்பை நோக்கி நகர்கின்றன. தமிழாசிரியராகிய நமக்கு இதில் என்ன அலுவல் எனலாம். 'செந்நகர்வு' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்ட மாணவனுக்கு விடைகூறப் புகுந்தே இவ்வரலாற்றினுள் நுழைந்தோம். நுழைந்த பின்னரே, இதன் ஒரு பகுதி நமக்கு அயலிலேயே நிகழ்ந்தது என்பதை அறிந்தோம்.

1909இல் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில் ஜோன் எவர்ஷெட் என்பார், சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் சிறிதே இடம்பெயர்ந்திருக்கக் கண்டு, அப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை நிறுவினார். அவர் அளந்தது சூரியன் ஒன்றையே. தொலைவிலுள்ள ரேடியோ மூலங்களை அளப்பதோ வேறு வகைச் சிக்கல்.

ரேடியோ அலை நீளமானது. ஆதலால் அது வந்த திசை மங்கலாகவே புலப்படும். அம்மங்கற் பரப்பினுள் விண்மீன்கள் பல இருக்கையில், எதன் ஒளியைப் பகுப்பது? இங்கே நிலவு உதவியது. நிலவின் விளிம்பு எந்நொடியில் எங்கிருக்கும் என்பது கணித்தறிந்த செய்தி. மூலம் அவ்விளிம்பில் மறையும் கணத்தையும் மீளும் கணத்தையும் குறித்துக்கொண்டால் அதன் இடம் துல்லியமாய்க் கிட்டும். 1962இல் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியால் சிரில் ஹசார்டும் துணைவரும் 3சி 273 என்னும் மூலத்தின் இடத்தை இவ்வாறே அறிந்தனர். கலிபோர்னியாவில், பலோமார் மலையின் 5 மீற்றர் ஆடியைக் கொண்டு மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையை எடுத்தார். கோடுகள் முதலில் விளங்கவில்லை. 1963 பெப்ரவரியில்தான், அவை பழகிய ஐதரசன் கோடுகளே என்றும், 15.8 சதவீதம் நீண்டு நிற்கின்றன என்றும் தெளிந்தார். 486 நானோமீற்றரில் நிற்கவேண்டிய கோடு 563இல் நின்றது. குவாசர் என நாம் இன்று அழைக்கும் அப்பொருளின் ஒளி, ஏறத்தாழ 200 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தது.

நம் தவறொன்றையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். குவாசரை ஓடும் புகைவண்டியாகவே மாணவர்க்குக் காட்டிவந்தோம். ஒளி வழியில் இருக்கும் காலமெல்லாம் வான்வெளி தானே விரிந்து அலையை நீட்டுகிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

நிலவின் இவ்வுதவியையே நம்பி எழுந்தது 1970இல் இயங்கத் தொடங்கிய உதகமண்டல ரேடியோ தொலைநோக்கி. பெரும் ஆடி வாங்கப் பொருளில்லாத நாட்டில், டாட்டா ஆய்வு நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் மலையையே கருவியின் உறுப்பாக்கினார். அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சாய்ந்த சரிவொன்றைத் தேர்ந்து, 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் உள்ள கருவியை வடக்குத் தெற்காகக் கிடத்தினார். அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று; ஒரே அச்சில் திருப்பியே ஒரு மூலத்தை மணிக்கணக்காய்த் தொடரலாம். 24 வளைசட்டங்களின் மீது 1100 மெல்லிய துருவேறா உருக்குக் கம்பிகள் கட்டப்பட்டன. உள்நாட்டிலேயே வடித்து, உள்நாட்டிலேயே கட்டிய கருவி அது.

எனினும் செந்நகர்வு அங்கே கிடைக்கவில்லை. இடத்தை நீலகிரி காணும்; கோட்டைப் பெருங்கண்ணாடி உடையோர் படிப்பர். இப்பங்கீடு நமக்கு உவப்பானதன்று. ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் அதற்காகக் காத்திருக்கவில்லை. மூலங்களின் கோண அளவை அவற்றின் பிரகாசத்தோடு ஒப்பிட்டனர். மங்கலானவை சராசரியில் சிறுத்துச் செல்வதைக் கண்டனர். அண்டம் என்றும் ஒரே நிலையில் உள்ளது என்ற பிரெட் ஹொய்ல் முதலியோரின் கொள்கைக்கு இம்முடிவு இசையவில்லை. 1975இல் அது வெளிவந்தபோது, அவர்கள் கணக்கில் சேர்த்த மங்கலான மூலங்களுட் பெரும்பாலானவற்றின் நிறமாலையை எவரும் எடுத்திருக்கவில்லை.