தாடைத் தசை வலி தீரவே மாட்டேங்குதா? லேசரா, பிசியோதெரபியா, எது கைகொடுக்கும்?

ஹைதராபாத்தில் ஹைடெக் சிட்டி, கச்சிபௌலி பக்கம் வேலை பார்க்கும் பலருக்கு இந்த வலி பழக்கமாக இருக்கலாம். காலையில் எழுந்தால் தாடை கனக்கும். மதியம் பிரியாணியில் எலும்பைக் கடித்தால் காதோரம் 'சுரீர்' என்று இழுக்கும். பல் டாக்டரோ, "பல்லுல ஒண்ணும் இல்லையே" என்பார்.

பெரும்பாலும் வலிப்பது மாசெட்டர் என்ற மெல்லும் தசை. கன்னத்தில் விரலை வைத்துப் பல்லைக் கடித்தால் புடைத்து வருமே, அதுதான். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. லேப்டாப்பில் மூழ்கினால் நம்மை அறியாமல் கடித்துக்கொண்டே இருப்போம். 3 மாதம் தாண்டினால் அது நாள்பட்ட வலி.

லேசர் என்ன செய்யும்?

வெட்டுவதோ சுடுவதோ இல்லை. சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளியைக் குறைந்த திறனில் தசைமீது சில நிமிடம் காட்டுவார்கள். 1967-ல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர், மழித்த எலித் தோலில் லேசர் பட்ட இடத்தில் முடி வேகமாக வளர்வதைக் கவனித்தார். அங்கிருந்து வளர்ந்த சிகிச்சை இது. செல்லின் மைட்டோகாண்ட்ரியா ஒளியை உறிஞ்சுவதால் வீக்கமும் வலியும் குறையும் என்கிறார்கள்.

வலி குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் பல சிறியவை. அலைநீளமும் அளவும் ஆய்வுக்கு ஆய்வு வேறு. 2023 டிசம்பரில் பிஎம்ஜே இதழில் வந்த சர்வதேச வழிகாட்டுதல், நாள்பட்ட தாடை வலிக்கு லேசரை 'பொதுவாக வேண்டாம்' பட்டியலில்தான் வைத்தது. நம்மூரில் சகஜமாகக் கொடுக்கும் நைட் கார்டும் அதே பட்டியலில் இருப்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பிசியோவில் என்ன நடக்கும்?

அதே வழிகாட்டுதல் அழுத்தமாகப் பரிந்துரைத்தவை: நிபுணர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, கழுத்து-முதுகு நிலையைச் சரிசெய்யும் பயிற்சி, தசை முடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, வலியைக் கையாளப் பழக்கும் உளவியல் சிகிச்சை.

வீட்டில் செய்யச் சொல்வது எளிது. நாக்கின் நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்து, உதடு மூடி, பல் தொடாமல் இருப்பது. நாக்கை எடுக்காமலே வாயை மெதுவாகத் திறந்து மூடுவது. மானிட்டரில் 'பல்லை விடு' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வதும் உதவும்!

லேசர் ஆபத்தான சிகிச்சை இல்லை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் போதும். ஆனால் பயிற்சியே சொல்லித்தராமல் "10 சிட்டிங் பேக்கேஜ்" என்று யாராவது ஆரம்பித்தால், பணம் கட்டும் முன் ஏன் என்று கேளுங்கள்.

யாரைப் பார்ப்பது?

பல் மருத்துவத்தில் ஓரல் மெடிசின் என்று தனிப் பிரிவே உண்டு. முதலில் அங்கே போங்கள். ஹைதராபாத்தில் அஃப்சல்கஞ்சில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

எல்லாமே தசை வலி அல்ல. பாக்கு, குட்கா பழக்கம் இருந்து, காரம் பட்டால் எரிந்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால் அது வாய்ச் சவ்வு இறுக்கமாக இருக்கலாம்; புற்றுநோயாக மாறக்கூடியது. தாடை வலியோடு நெஞ்சில் பாரமும் வியர்வையும் வந்தால் பிசியோவும் வேண்டாம், லேசரும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.